கதவு தட்டும் விளையாட்டு

எனக்குச் சங்கீதம் என்றாலே ஆகாது. யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஆ, ஊ என்று இழுக்க ஆரம்பித்தால் எனக்கு எங்கேயோ அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடும். அப்படிப்பட்டவள் தலைமை நர்ஸாக இருக்கிற வார்டில் கொண்டுவந்து ஒரு பாட்டுக்காரியை விட்டான் பாருங்கள் கடவுள், அவன் குறும்பை என்னவென்று சொல்வது.

பாட்டுக்காரி என்று அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அவள் எங்கள் ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், ஜன்னலே இல்லாத ஒரு பொந்தில் உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் அங்கங்கே திருப்பிவிடுவாள். நடுநடுவே மைக்கில், "எலும்பு டாக்டர் உடனே அவசரப் பிரிவுக்கு வரவும்" என்று அறிவிப்பாள். கட்டடம் பூராவும், கக்கூஸ் உட்பட, ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. குரலைக் கேட்காதவர்கள் கிடையாது.

என் வார்டு மேல்மாடியில். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கானது. நீளமான ஒரு நடை, அதன் ஒரு பக்கமாக ஏழு அறைகள், ஏழு மூடின கதவுகள். மருந்து ஏற்ற ஏற்ற அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து அறைப் பிள்ளை தும்மினால்கூட ஆபத்து. அதனால் அறைக்கு ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், அவ்வளவுதான். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது, அதுவும் பெரியவர்கள் உயரத்தில். மாதக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடந்தாலும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் மூஞ்சியைப் பார்த்ததில்லை.

ஒருநாள் எங்கள் வார்டு போன் செத்துப்போய்விட்டது. சேதி சொல்ல அவளே மாடி ஏறி வந்தாள். குட்டையான, மூச்சு வாங்குகிற பொம்பளை. என்னிடம் அவள் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள், அதற்குள் ஐந்தாம் அறைக்குள்ளிருந்து ஒரு பயல், "ஸ்பீக்கரம்மா! ஸ்பீக்கரம்மா வந்திருக்கு!" என்று கூரை அதிரக் கத்தினான்.

அவள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ எப்படி அவ்ளோ சின்னப் பொட்டியில உட்கார்ற?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"குனிஞ்சுதான் உட்காருவேன் ராஜா. முதுகு பிடிச்சுக்குது. அதான் கொஞ்சம் நடந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாட்டுப் போடு!"

பெட்டிக்குள் இருப்பவள் என்றால் பாட்டுப் போடத் தெரியாதா என்பது அவன் கணக்கு. 'போச்சுடா' என்று நான் நினைத்தேன். அவள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கதவில் சாய்ந்து, வார்த்தையே இல்லாமல் ஏதோ ஒரு ராகத்தை மெல்ல எடுத்தாள். முடித்ததும் உள்ளேயிருந்து படார் படார் என்று கதவைத் தட்டினான் பயல். இன்னொன்று வேண்டுமாம். பக்கத்து அறையிலும் தட்டினார்கள். அதற்கும் பக்கத்திலும் தட்டினார்கள். வார்டா சந்தைக்கடையா என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது?

மறுநாள் டியூட்டி முடிந்ததும் வந்து நின்றாள். அடுத்த நாளும் வந்தாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கும்.

அவள் கதையொன்றும் பெரிய கதையில்லை. அப்பா தையல்காரர். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து சின்ன வயதிலிருந்து முறையாகச் சங்கீதம் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை மேடை ஏறினாளாம். எதிரே உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்ததும் தொண்டை கப்பென்று அடைத்துக்கொண்டது. பக்கவாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருக்க, இவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். "அன்னைக்குப் போட்டிருந்த செருப்பக்கூட எடுக்கல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அப்புறம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். ஓடவிட்டு, ஒளியவிட்டு, குதிக்கவிட்டுத்தான் சொல்லித்தருவாளாம். "எப்பப் பாத்தாலும் விளையாட விடறீங்களே, எப்பத்தான் பாட்டுச் சொல்லிக் குடுப்பீங்க?" என்று பெற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புருஷன் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், காது கொஞ்சம் மந்தம். "அதனாலதான் எங்க குடும்பம் இத்தனை வருஷம் சண்டையில்லாம ஓடுது" என்பாள்.

எங்கள் நடை அவளுக்கென்றே கட்டினது மாதிரி அமைந்துவிட்டது. கேட்கிறவர்கள் ஏழு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம். ஒரு முகமும் தெரியாது.

விளையாட்டை அவள் உண்டாக்கிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் அதன் கதவுக்கு வெளியே நின்று நாலைந்து ராகங்களைக் கொஞ்சம் கொஞ்சம் பாடிக்காட்டுவாள். "எதைக் கேட்டா உன் கால் விரல் தானா ஆடுது?" என்று கேட்பாள். பிள்ளை எதைச் சொல்கிறதோ அது அதன் ராகம். அன்றிலிருந்து அதன் பெயரும் அதுதான். அப்புறம் தினமும் ஐந்து மணிக்கு அவள் ஒவ்வொரு ராகமாகப் பாடுவாள். தன்னுடையது வந்தால் அந்தப் பிள்ளை உள்ளேயிருந்து கதவைத் தட்ட வேண்டும். எழுந்து வர முடியாத பிள்ளை கட்டில் கம்பியைத் தட்டலாம். மாற்றித் தட்டினால் போச்சு, ஏழு அறையும் சேர்ந்து "ஏமாந்துட்டான்! ஏமாந்துட்டான்!" என்று கூவும்.

ஐந்தாம் அறைப் பயல் அடாணாவைப் பிடித்துக்கொண்டான். "இந்த ராகம் ஒழுங்கா நேரா நடக்காது கண்ணு. ரெண்டு அடி முன்னால போகும், சட்டுனு திரும்பி ஒரு அடி பின்னால வரும். உன்னை மாதிரியே போக்கிரி" என்று அவள் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் எல்லோருடைய ராகத்துக்கும் தட்டுவான். திட்டினால், "சும்மா பாத்தேன்" என்பான். இரண்டாம் அறையில் இருந்த பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. எதிலும் கஷ்டமானதுதான் வேண்டும் அவளுக்கு. தோடியை எடுத்துக்கொண்டாள். நாலாம் அறை வாண்டு பேகடா. மூன்றாம் அறையில் காபி என்று ஒருத்தன் இருந்தான். அவனுக்கு நான் மாத்திரை கொண்டுபோகும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் "காபிக்குச் சர்க்கரை போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்டு என் உயிரை வாங்கும்.

முதல் அறையில் இருந்தது ஆறு வயதுப் பெண். அவள் மோகனம். அவளுடைய அம்மாவுக்கு வீட்டில் கைக்குழந்தை, வர முடியாது. அப்பாதான் கூட இருந்தார். பெயின்டர். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் நக இடுக்கில் நீலமோ பச்சையோ ஒட்டிக்கொண்டிருக்கும். கையை இன்னும் தேய்த்துவிட்டு வரச்சொல்லி வாசலிலேயே நிறுத்துவேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். மோகனத்தை அவளுக்கு ஸ்பீக்கரம்மா படிக்கட்டு என்று சொல்லித்தான் கொடுத்தாள். "ஏழு படி இருக்கவேண்டிய இடத்துல இதுல அஞ்சுதான் இருக்கு தங்கம். ரெண்டு உடைஞ்சு போச்சு. அங்க வரும்போது தாண்டிக் குதிக்கணும்." டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற கையை அசைக்கக் கூடாது என்பதால் அந்தப் பெண் இன்னொரு கையின் இரண்டு விரலைக் கால்களாக்கி, கட்டில் கம்பிமேல் ஏறுவாள், சரியான இடத்தில் குதிப்பாள். ஊசி போடும்போதும் அப்படித்தான். சும்மா சொல்லக்கூடாது, என் வேலை பாதியாகக் குறைந்தது.

ஆனால் இது பிள்ளைகள் சாகிற வார்டு. அதை மறைத்துப் பேசி என்ன பிரயோஜனம்?

முதலில் போனது மூன்றாம் அறைக் காபி. அடுத்தது அடாணா. எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை இறந்தால் மற்ற பிள்ளைகளிடம் "வீட்டுக்குப் போயிட்டான்" என்று சொல்லிவிடுவோம். பெற்றவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். நான் அதைச் சொல்வதில் கெட்டிக்காரி. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "போய்ட்டு வர்றேன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னான்டா" என்று ஒரு பிட்டுச் சேர்த்தும் போடுவேன். சாகக் கிடக்கிற பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசுகிறவன் மனுஷனா?

ஸ்பீக்கரம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. குணமாகி நிஜமாகவே வீட்டுக்குப் போன பிள்ளைகளின் ராகத்தை அவள் விடமாட்டாள். விளையாட்டை ஆரம்பிக்கும்போதே, "இது வீட்டுல மாடிப்படியில ஏறிக் குதிச்சிட்டிருக்கற கல்யாணிக்கு, இது ஸ்கூலுக்குப் போற ஹம்சத்வனிக்கு" என்று அவர்களுக்குப் பாடுவாள். அதற்கு எல்லாக் கதவும் சேர்ந்து தட்டும். பிறகுதான் ஏழாம் அறையில் தொடங்கி ஒவ்வொரு அறையாக முதல் அறைக்கு வருவாள்.

அடாணா போன மறுநாள், வீட்டுக்குப் போனவர்களின் வரிசையில் அவனையும் சேர்த்துப் பாட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவளால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். காபிக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. பாவி, தொண்டை அடைக்கிறவளுக்கு என்ன செய்ய முடியும்? எந்தக் கதவும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள்தானே, கவனித்திருக்காது என்று இருந்துவிட்டோம்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. அவள் இரண்டாம் அறையில் தோடியை முடித்துக்கொண்டிருந்தாள். வார்டு போன் அடித்தது. வெளியே ஏதோ பேருந்து கவிழ்ந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அடுத்த டியூட்டி பார்த்த புதுப்பையனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "உடனே கீழ வாங்கம்மா" என்று அழாத குறையாகக் கூப்பிட்டான். அவள் அப்படியே ஓடினாள். மோகனம் மட்டும் பாக்கி. ஒரு நாள்தானே, நாளைக்குப் பாடினால் போயிற்று என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அன்று இரவே ஸ்பீக்கரம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. காய்ச்சலோடு என் வார்டு வாசலை மிதிக்கக் கூடாது. அது நான் போட்ட சட்டம்தான்.

மறுநாள் காலை மோகனம் மாத்திரை வேண்டாம் என்றாள். பிள்ளைகள் அடம் பிடிப்பது புதிதா? கெஞ்சினேன், மிரட்டினேன். வாயைத் திறக்கவில்லை. பாலில் நனைத்த ரொட்டியும் அப்படியே இருந்தது. மத்தியானம் பார்த்தால், அவளுடைய கலர் பென்சில் டப்பாவை எடுத்து என் கையில் வைத்து, "இதைப் பேகடாவுக்குக் குடுத்துடுங்க சிஸ்டர்" என்றாள்.

"ஏன்டி, உனக்கு வேணாமா?"

"இனிமே எனக்கு எதுக்கு?"

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம், "தம்பிப் பாப்பாக்கு என் போர்வையைக் குடுங்கப்பா, நல்லாத் துவைச்சுட்டுக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் நடையில் வந்து நின்று, சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றும் மோசமாக இல்லை. சொல்லப்போனால் அந்த வாரம்தான் முன்னேற்றம் தெரிந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கும் இப்படியே இருந்தா மூக்குல குழாய் போட வேண்டியதுதான். இந்த மருந்து ஒரு நாள் விட்டாலும் இவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீண்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோடிக்கு ஊசி போடப் போனபோது வாய்விட்டுப் புலம்பினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மக்குப் பிள்ளையை வாத்தியார் பார்க்கிற பார்வை.

"அவ பாட்டைப் பாடலல்ல சிஸ்டர்?"

"அதனால என்னடி?"

"செத்தவங்க பாட்டைத்தான் பாடமாட்டாங்க."

என் கையில் ஊசி அப்படியே நின்றது.

"நீங்க எல்லாரையும் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவீங்க" என்று அவள் பொறுமையாக விளக்கினாள். "ஸ்பீக்கரம்மாவுக்கு நிஜம் தெரியும். கல்யாணி வீட்டுக்குப் போயிட்டா, அவ பாட்டு வருது. ஹம்சத்வனிக்கும் வருது. காபிக்கு வரல. அடாணாவுக்கு வரல. அப்போ அவங்க செத்துட்டாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஸ்பீக்கரம்மா யாரைப் பாடலன்னுதான் நாங்க கேப்போம்."

நாங்கள் அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததை அந்தப் பொம்பளையின் துக்கம் தினமும் ஐந்து மணிக்கு நடுநடையில் நின்று அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாடவில்லை. காது கொடுத்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராகப் போய் அவள் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருக்கியா? சந்தோஷமா? உன் பாட்டு ஒரு பிள்ளையைக் கொன்னுட்டிருக்கு!" என்று கத்தினேன். அதுவரை 'நீங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும், "போனை அவகிட்ட குடுங்க, பாடறேன்" என்றாள். காய்ச்சல் குரல். போனைத் துடைத்து எடுத்துப்போய் மோகனத்தின் காதில் வைத்தேன். அவள் கேட்டாள். கடைசிவரை கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதாலதான் பாடறாங்க" என்றாள். "அடாணா போய்ட்டு வர்றேன்னு சொல்லச் சொன்னான்னு சொன்னீங்கல்ல. அது மாதிரி."

குழாய் போட்டோம். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறையிலிருந்து வந்த சத்தம் ஏழு கதவுக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

காய்ச்சல் விட்ட அன்றே ஸ்பீக்கரம்மா வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. என்னிடம் வந்து, "சிஸ்டர், அதுங்ககிட்ட நிஜத்தைச் சொல்லப்போறேன்" என்றாள்.

"வேலையைப் பாத்துட்டுப் போ. உனக்கென்ன பைத்தியமா?"

"அதுங்களுக்குத் தெரியும். அது நமக்கும் தெரியும்னு அதுங்களுக்குத் தெரியணும். இல்லாட்டி நான் என்ன பாடினாலும் மோகனம் நம்பாது."

நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளவெல்லாம் இல்லை. சுற்றிக்கொண்டு போய் நடுநடையில் நின்றாள். நான் பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அதற்குள் அடாணாவை ஆரம்பித்துவிட்டாள். இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எந்தக் கதவும் தட்டவில்லை.

"இது அடாணா" என்றாள், மைக்கில் அறிவிக்கிற அதே குரலில். "அஞ்சாம் ரூம்ல இருந்தான். செத்துட்டான். எனக்கு அழுகையா வந்துச்சு, அதான் அவன் பாட்டைப் பாடல. பாடியிருக்கணும்."

காபியையும் பாடினாள். அதையும் சொன்னாள். "இனிமே செத்தவங்களுக்கும் பாடுவேன், வீட்டுக்குப் போனவங்களுக்கும் பாடுவேன், உள்ள இருக்கறவங்களுக்கும் பாடுவேன். அன்னைக்கு மோகனம் பாடாதது, கீழேயிருந்து போன் வந்துச்சுன்னு ஓடினதால. அப்புறம் காய்ச்சல். வேற ஒண்ணுமே இல்ல."

பிறகு முதல் அறைக்கு முன்னால் போய் நின்று மோகனத்தை எடுத்தாள். மேலே ஏறினாள், இறங்கினாள், நிறுத்தினாள். கதவு பேசாமல் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். பெயின்டர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினார். மூன்றாம் தடவை பாடி முடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. மூக்கில் குழாயோடு பேசுகிற குரல்.

"அடாணா செத்தது நிஜமா?"

"நிஜம் தங்கம்."

"நான்?"

"நீ இப்போ எங்கிட்ட பேசிட்டிருக்க."

"அப்புறம்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லித்தொலை, உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தொலையேன் என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன்.

"தெரியாது கண்ணு" என்றாள் அவள். "எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா உங்கிட்ட மறைக்கமாட்டேன்."

அப்புறம் கட்டில் கம்பியில் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவு லேசாக இருந்தது, பெயின்டர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நிச்சயமானது. அன்று அவள் பாலைக் குடித்தாள். மறுநாள் குழாயை எடுத்தோம். மாத்திரையை அவளே கேட்டு வாங்கி விழுங்கினாள்.

இதெல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். அன்று இரவே நாலாம் அறைப் பேகடா அவனுடைய அம்மாவைக் கேட்டிருக்கிறான், "நானும் செத்துடுவேனா?" என்று. அந்த அம்மா மறுநாள் ஸ்பீக்கரம்மாவை மாடிப்படியிலேயே மறித்தாள். "உனக்குப் பாட்டு, விளையாட்டு. எனக்கு ஒரே பிள்ளை. ராத்திரி பூரா அவன் தூங்கல. உன் வாய் அழுகிப்போகும்!" என்று சபித்தாள். ஸ்பீக்கரம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அந்தத் தாய் சொன்னதில் தப்பென்ன இருக்கிறது? இன்றைக்கும் எனக்கு அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

புகார் பெரிய டாக்டர்வரை போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, "வார்டு உங்களோடது. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். "முதல் ரூம்ல மாத்திரை இறங்குது டாக்டர்" என்று வாயில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் கேள்விப்படல" என்றார். அதோடு சரி. நாலாம் அறைக் கதவுக்கு முன்னால் மட்டும் ஸ்பீக்கரம்மா நிற்கமாட்டாள், தள்ளி நின்று பாடுவாள். பேகடா அதற்கும் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மோகனம் நன்றாகத் தேறினாள். தலையில் பூனை மயிர் மாதிரி முடி முளைத்தது. வீட்டுக்குப் போனாள், நிஜமாகவே. அவள் ராகத்தைக் கல்யாணியோடும் ஹம்சத்வனியோடும் சேர்த்துப் பாடினாள் ஸ்பீக்கரம்மா. மழைக்காலம் வந்தபோது திரும்பி வந்தாள். பெயின்டர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய பழைய அறை காலியில்லாததால் ஆறாம் அறையைக் கொடுத்தோம்.

இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியும். ஒருநாள் ஸ்பீக்கரம்மா அவள் கதவுக்கு வந்தபோது உள்ளேயிருந்து பேசினாள். குரல் ரொம்பச் சின்னதாகியிருந்தது, இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"நான் செத்தப்புறம் அழுகை வரும்ல உங்களுக்கு?"

"வரும்."

"அழுதுட்டுப் பாடுங்க. நிறுத்திடாதீங்க."

"நிறுத்தமாட்டேன்."

"சிஸ்டர்கிட்டயும் சொல்லுங்க. அவங்க பொய் சொல்லுவாங்க."

நான் மருந்துத் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் அதிக நாள் இல்லை. ஒரு காலையில், அப்பா மடியில் தலை வைத்தபடி, போய்விட்டாள். பெயின்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தார். பிடித்து எழுப்பித்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம்.

அன்று மத்தியானம் ஏழாம் அறைக்கு ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். ஐந்து வயதிருக்கும். எதைப் பார்த்தாலும் மிரண்டாள். ஐந்து மணிக்கு ஸ்பீக்கரம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கல்யாணி, ஹம்சத்வனி, எல்லாக் கதவும் தட்டின. அடாணா, காபி. அப்புறம் மோகனத்தை எடுத்தாள். நடுவில் குரல் உடைந்தது. நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உடைந்த இடத்திலிருந்து மறுபடி ஏறினாள். பாடி முடித்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அப்போது ஏழாம் அறையில் புதுப் பெண்ணின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"அது யார் பாட்டு சிஸ்டர்?" என்றாள் அவள். "யாருமே தட்டலையே?"

வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிற வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், தானாகவே வந்துவிடும். அந்தப் பெண்ணின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைகளில் ஒரு சத்தம் இல்லை. எல்லாக் கதவும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

"மோகனம்னு ஒரு பொண்ணு" என்றேன். "ஆறாம் ரூம்ல இருந்தா. இன்னைக்குக் காலையில செத்துட்டா."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிச்சுதா அவளுக்கு?"

"வலிச்சுது. வலி குறைய மருந்து குடுத்தோம். கடைசியில வலிக்கல."

"எனக்குப் பாட்டு இருக்கா?"

"இன்னும் இல்ல. இப்போ வந்து குடுப்பாங்க."

"நான் செத்துட்டா அதைப் பாடுவாங்களா?"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நான் நரம்பைக் கண்டுபிடித்துவிட்டேன். ஊசியை எடுத்தேன்.

"பாடுவாங்க" என்றேன். "இப்போ கொஞ்சம் வலிக்கும், கையை ஆட்டாத."